காரணம் தெரியாத மூன்று நிமோனியா

திங்கட்கிழமை காலையில் சிவசங்கரியின் போன் சூடாகிவிடும். கேரள மலையூரான பீர்மேட்டில் ஒரு அரசு சுகாதார நிலையத்தில் அவள் ஜூனியர் ஹெல்த் இன்ஸ்பெக்டர். முந்தைய வாரம் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு, மஞ்சள்காமாலை, நிமோனியா என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியிலும் இரண்டு தனியார் கிளினிக்குகளிலும் ஒரு லேபிலும் கேட்டு வாங்கி, மதியத்துக்குள் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அங்கிருந்து அது மாவட்டத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் டில்லிக்கும் போகும்.

எல்லாரும் செய்கிற வேலைதான். அவள் செய்வதில் ஒரு வித்தியாசம் இருந்தது. நோயாளி இல்லாத கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினால் வாங்கமாட்டாள். ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யம் போடச் சொல்லுவாள். காலியாக விட்டால் பார்த்தார்களா, பார்க்கவே இல்லையா என்று தனக்கு எப்படித் தெரியும் என்பது அவள் கேள்வி. எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அவளுக்குப் பூஜ்யம் டீச்சர் என்று பேர் வைத்திருந்தார். அவளுக்கு அது தெரியும். கோபப்பட்டதில்லை.

அவள் பிறந்தது அதே மலையில், எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். தாத்தா காலத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பா செல்லத்துரை தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் இருந்தார், அம்மா கொழுந்து கிள்ளினாள். பத்தாவது வரை தமிழில் படித்து, பிறகு மலையாளத்தில் முட்டி மோதி, ஹெல்த் இன்ஸ்பெக்டர் படிப்பு முடித்து, பி.எஸ்.சி. பட்டியலில் பெயர் வந்தபோது அவளுக்கு இருபத்தேழு வயது. முதல் வேலை பாலக்காட்டு எல்லையில், கோவிந்தாபுரத்தில். மூன்று வருடம் அங்கே இருந்ததில் கொங்குப் பேச்சு அவள் காதுக்குப் பழகியது. பிறகு சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வந்தாள். லோகேஷைக் கட்டிக்கொண்டாள். அவன் பக்கத்து எஸ்டேட்காரன், கரண்டு வேலையும் பைப்பு வேலையும் தெரிந்தவன். குட்டிக்கானம் போகிற வழியில் சுற்றுலா விடுதி ஒன்று வந்தபோது அங்கே பராமரிப்பு சூப்பர்வைசராகச் சேர்ந்தான். எட்டாவது படிக்கும் ஒரு மகள். சண்டை சச்சரவு இல்லாத வீடு.

ஆகஸ்ட் கடைசியில் கத்தரீனாள் இறந்துபோனாள். ஐம்பத்தெட்டு வயது. எஸ்டேட்டில் ஓய்வு பெற்ற பிறகு அந்த விடுதியில் குளியலறை கழுவும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இருபதாம் தேதி காய்ச்சல் வந்தது. வயிற்றால் போனது, மகளையே யார் என்று கேட்டாள், மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. சான்றிதழில் 'நிமோனியா, காரணம் தெரியவில்லை' என்று இருந்தது. சிவசங்கரி அடக்கத்துக்குப் போனாள். லோகேஷ் பெட்டிக்குத் தோள் கொடுத்தான். அந்த வாரக் கணக்கில் நிமோனியா என்ற கட்டத்தில் வழக்கமான மூன்றுக்குப் பதில் நான்கு வந்தது. மழைக்காலம், குளிர், வயதானவள் என்றார்கள். அவளுக்கும் அது சரியாகவே பட்டது. நான்கு என்று எழுதி ஏற்றினாள்.

செப்டம்பர் இரண்டாம் தேதி, அதுவும் ஒரு திங்கட்கிழமை, அவளுக்கே ஒரு போன் வந்தது. பாலக்காடு மாவட்ட அலுவலகத்தில் இதே கணக்கைப் பார்க்கும் ஷஹானா. கோவிந்தாபுரத்தில் இருந்த நாளில் பயிற்சி வகுப்பில் பழக்கமானவள். எலப்புள்ளிக்காரர் ஒருவர், பெயர் கோகுல்நாத், டெம்போ டிராவலர் ஓட்டுகிறவர், வயது நாற்பத்து நான்கு, ஒன்பது நாளாகத் தீவிர சிகிச்சையில் இருக்கிறார் என்றாள். வழக்கமான மருந்து எதற்கும் நிமோனியா அடங்கவில்லை. டாக்டர் ஒருவர் சந்தேகப்பட்டு மூத்திரத்தில் ஒரு சோதனை எழுதிக் கொடுத்தார். அதில் லீஜியோனெல்லா என்று வந்தது. ஷஹானாவின் திரையில் வரும் நோய்ப் பட்டியலில் அந்தப் பெயரைக் காணோம். 'மற்றவை' என்ற இடத்தில் கையால் அடித்திருக்கிறாள்.

"அடிச்சு விட்டதோட என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்திருக்கலாம் சேச்சி. ஆனா காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு நாள் உங்க மலையில இருந்திருக்காரு. வேற எங்கயும் போகலை. அதான் கூப்பிட்டேன்."

சிவசங்கரி அந்த நோயைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததோடு சரி. மெடிக்கல் ஆபீசர் டாக்டர் ஜோமோளிடம் போய்க் கேட்டாள். ஜோமோள் மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். தண்ணீரில் வாழும் கிருமி அது. நன்றாகக் கொதித்தால் செத்துப்போகும், நன்றாகக் குளிர்ந்திருந்தால் பெருகாது. வெதுவெதுப்பாக, ஓடாமல் தேங்கிக் கிடந்தால் பெருகும். அந்தத் தண்ணீர் ஷவரில் தூவலாகத் தெறிக்கும்போது மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. அதனால், ஒரு ஆள் விழுந்தார் என்றால் அவரைப் பார்த்துக்கொண்டால் மட்டும் போதாது, அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

கோகுல்நாத்தால் பேச முடியாது. மனைவி ஆர்த்தியின் எண்ணை ஷஹானா கொடுத்திருந்தாள். சிவசங்கரி அழைத்தபோது ஆர்த்தி ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள்.

"எடத்தோட பேரு எனக்குத் தெரியாதுங்க. கஞ்சிக்கோட்டுல ஒரு ஊட்டுக்காரங்களைக் கூட்டிட்டுப் போனாருங்க, பதினஞ்சாந் தேதி லீவுக்கு. டிரைவருங்களுக்குன்னு தனியா ஒரு ஹாலு குடுத்தாங்களாம். பைப்பைத் தொறந்ததும் செத்த நேரம் தண்ணி செவசெவன்னு வந்துச்சுன்னாரு. அப்பறம் வெதுவெதுன்னு வந்துச்சாமுங்க. மழைக்கு எதமா ஷவர்லயே நின்னு தண்ணி வாத்துக்கிட்டேன்னு வந்து சொன்னாருங்க."

வண்டி பிடித்த குடும்பத்தாரின் எண்ணையும் ஆர்த்தியே தந்தாள். அவர்களிடம் கேட்டதும் விடுதியின் பெயர் வந்தது. லோகேஷ் வேலை பார்க்கும் விடுதி.

சிவசங்கரி போனை வைத்துவிட்டுப் பழைய தாள்களை எடுத்தாள். ஆகஸ்ட் நான்காம் வாரம், நிமோனியா நான்கு. அந்த நான்காவது ஆள் என்ன வேலை பார்த்தாள், எந்தக் குளியலறைகளைக் கழுவினாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அடக்கத்துக்கே போயிருக்கிறாள், அங்கேயாவது கேட்டிருக்கலாம். எண்ணை மட்டும் எழுதி அனுப்பியிருந்தாள். தாளோடு ஜோமோளின் அறைக்குப் போய் இரண்டு விஷயமும் சொன்னாள். கத்தரீனாள் அங்கே வேலை பார்த்தவள். அங்கே தண்ணீரைப் பார்த்துக்கொள்வது என் புருஷன். வேறு யாரையாவது அனுப்புங்கள்.

அனுப்ப வேறு ஆள் இல்லை. ஹெல்த் இன்ஸ்பெக்டர் பூபதிராஜா முன்னால் நின்று சோதனை செய்யட்டும், அவர் பெயரில் அறிக்கை போகட்டும், நீ கூடப் போய்ப் பார்த்ததைப் பார்த்தபடி எழுது என்று ஜோமோள் முடிவு செய்தார். மறுநாள் காலை பத்து மணி.

அன்று சாயங்காலம் லோகேஷ் வழக்கம்போல வந்தான். ஓணம் கூட்டத்துக்கு முன்னால் ஜெனரேட்டரைப் பிரிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே மகளின் மிதிவண்டிக்குச் சங்கிலி மாட்டினான். சிவசங்கரி தோசைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் ஜீப்பிலிருந்து அவள் இறங்குவதைப் பார்த்தபோது அவன் ஏணியில் நின்றிருந்தான். கையிலிருந்த ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு மெல்ல இறங்கி வந்தான். மேனேஜர் அவர்களை டிரைவர்கள் தங்கும் ஹாலுக்குக் கூட்டிப்போனார். மொட்டை மாடியில் ஒரு சோலார் டேங்க். மூன்று மாத மழையில் அதற்குக் கிடைத்தது மேகத்துக்கு நடுவே விட்டு விட்டு அடித்த வெயில் மட்டும்தான். சுடுதண்ணீர் குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் கழித்துத் தெர்மாமீட்டர் வைத்தார்கள். முப்பத்தெட்டு டிகிரி. ஷவர் தலையைக் கழற்றியபோது உள்ளே பழுப்பாக வழுவழுவென்று ஒட்டியிருந்தது. தண்ணீரை நான்கு பாட்டில்களில் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள்.

மேனேஜர் ஒரு ரிஜிஸ்டரை எடுத்துவந்து நீட்டினார். ஹால் பூட்டிக் கிடந்த மாதங்களிலும் வாரம் ஒருமுறை எல்லாக் குழாயையும் திறந்து விட்டதாக அதில் இருந்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரு வாரம் விடாமல் டிக். பூபதிராஜாவுக்குத் திருப்தி. பராமரிப்புப் பதிவேடு ஒழுங்காக உள்ளது என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

சிவசங்கரி ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தாள். அந்த டிக்கின் வால் நீளமாக மேலே போய் வளையும். வீட்டுக் காலண்டரில் கேஸ் சிலிண்டர் வந்த தேதிக்குப் பக்கத்தில் இருப்பது அதே டிக்தான். எல்லா டிக்கும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் இருந்தன.

"இதெல்லாம் நீங்க போட்டதுதானா?" என்று கேட்டாள்.

லோகேஷ் மேனேஜரைப் பார்த்தான். பிறகு ரிஜிஸ்டரைப் பார்த்தான். "நான் போட்டதுதான்."

"வாரா வாரம் தண்ணிய தொறந்து விட்டீங்களா?"

பூபதிராஜா பேனாவை மூடிவிட்டார்.

"ஜூன்ல ரெண்டு வாரம் விட்டேன். அதுக்கப்புறம் விடல. மாசக் கடைசியில ஒக்காந்து மொத்தமாப் போட்டது. டேங்குல ஹீட்டர் காயில் மே மாசமே எரிஞ்சு போச்சு. சார்ட்ட சொன்னேன். சீசன் முடியட்டும்னாரு."

தன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார் மேனேஜர். காகிதத்தில் எதுவும் இல்லை. சிவசங்கரி இருவர் சொன்னதையும் எழுதினாள். சொன்னவர் தன் கணவர் என்பதையும் அறிக்கையில் சேர்க்கும்படி பூபதிராஜாவிடம் கேட்டாள். அது எதற்கு என்று அவர் தயங்கினார், பிறகு சேர்த்தார். ஹாலைப் பூட்டச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

சாயங்காலம் லோகேஷ் வந்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல சங்கரி."

"சொன்னா காலையில நாங்க வாரதுக்குள்ள பைப்பைத் தொறந்து விட்டிருப்பீங்க."

அவன் யோசித்தான். "ஆமா. விட்டிருப்பேன்" என்றான்.

உள்ளே வந்து உட்கார்ந்தான். யாருக்கு என்ன வந்தது என்று அப்போதுதான் கேட்டான். அவள் எலப்புள்ளி டிரைவரைப் பற்றிச் சொன்னாள். கத்தரீனாளைப் பற்றி அவள் சொல்வதற்கு முன்பே அவன் முகம் மாறிவிட்டது. டிரைவர்கள் வருவதற்கு முதல் நாள், பதினாலாம் தேதி காலையில், ஜூனிலிருந்து பூட்டிக் கிடந்த ஹாலைத் திறந்து கழுவியது கத்தரீனாள். பாசி போக வேண்டும் என்று எல்லா ஷவரையும் திறந்து வைத்துக்கொண்டு தேய்த்தாள். திறந்து கொடுத்தது அவன்தான். இதையெல்லாம் அவனே சொன்னான். தேதியை எழுதிக்கொள்ளச் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினான், வெகுநேரம் கழுவினான்.

மூன்றாம் நாள் விடுதிக்காரர்கள் அவனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பதிவேட்டில் பொய் எழுதியது காரணம் என்று கடிதத்தில் இருந்தது. அது உண்மைதான் என்பதால் அவன் யாரிடமும் வழக்காடப் போகவில்லை. வீட்டில் பேச்சு குறைந்தது. அவன் அவளைத் திட்டவில்லை. தேவையானதைக் கேட்பான், தேவையானதைச் சொல்வான். மகள்தான் இருவருக்கும் நடுவில் சேதி சொல்லிக்கொண்டிருந்தாள்.

விடுதி நிர்வாகம் சும்மா இல்லை. ஒரு டிரைவரின் காய்ச்சல் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். தண்ணீர்ச் சோதனை முடிவு வராமல் இழுத்தது. ஹால் மட்டும் பூட்டியிருந்தது, மற்ற அறைகளில் ஓணக் கூட்டம் நிரம்பி வழிந்தது. சிவசங்கரி ஒவ்வொரு திங்கட்கிழமையும் நிமோனியாவின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், காய்ச்சலுக்கு முந்தைய பதினான்கு நாள் எங்கே இருந்தார்கள், எங்கே குளித்தார்கள் என்றும் கேட்கத் தொடங்கினாள். கிளினிக்குகளில் சலித்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் இருபத்தைந்தாம் தேதி ஜோமோளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு நிமோனியா. முதலில் காரணம் தெரியாமல் இருந்து, பிறகு லீஜியோனெல்லா என்று உறுதியானது. அவர்கள் நாட்டில் அப்படி ஒருவர் வந்தால், அவர் எங்கெங்கே தங்கினார், எந்த அறையில், எந்தத் தேதியில் என்று கேட்டு எழுதி அந்தந்த நாட்டுக்குத் தெரிவிக்கிறார்கள். அங்கிருந்து டில்லி, டில்லியிலிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து பீர்மேடு. வந்து சேர இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. ஆகஸ்ட் பதினெட்டு முதல் இருபது வரை, அதே விடுதி, அறை எண் பதினொன்று.

பதினொன்றாம் அறை ஹாலில் இல்லை. பெரிய கட்டடத்தின் கடைக்கோடியில் இருந்தது. வரைபடத்தில் அதற்கு வேறு டேங்க் காட்டியிருந்தது. பூபதிராஜா குழம்பினார். சிவசங்கரி வீட்டுக்கு வந்து லோகேஷிடம் கேட்டாள். பல நாளைக்குப் பிறகு அவள் அவனிடம் கேட்ட நீளமான கேள்வி அது. அவன் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கோடு போட்டான். பத்தும் பதினொன்றும் போன வருடம் சேர்த்துக் கட்டிய அறைகள். அந்தப் பக்கம் குழாய் கொண்டுபோக வசதி இல்லாமல், ஹாலின் டேங்கிலிருந்தே மண்ணுக்கடியில் ஒரு லைன் இழுத்தது அவன்தான். வரைபடத்தை யாரும் மாற்றவில்லை. வால்வு எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் பைப்பு முட்டி நின்று தண்ணீர் தேங்கும் என்பதையும் குறித்துக் கொடுத்தான்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு தோண்டிப் பார்த்தார்கள். பைப்பு அவன் போட்ட கோட்டில்தான் இருந்தது. ஒரு வாரத்தில் தண்ணீர் முடிவும் வந்தது. ஹாலின் ஷவரிலும், பின்னால் எடுத்த பதினொன்றாம் அறைத் தண்ணீரிலும் அதே கிருமி. விடுதி முழுவதையும் ஐந்து வாரம் மூடினார்கள். டேங்கை மாற்றி, பழைய லைனைப் பிடுங்கி எறிந்து, மிச்சக் குழாய்களில் கொதிக்கும் தண்ணீரும் குளோரினும் ஓடவிட்ட பிறகுதான் திறக்க அனுமதி கிடைத்தது. அதற்குப் பின் அங்கிருந்து யாரும் நோயோடு வரவில்லை.

அறிக்கையில் கடைசியாகப் போனது ஒரே ஒரு எண். உறுதியான நோயாளி ஒன்று, அது கோகுல்நாத். வெளிநாட்டுக்காரர் அவருடைய நாட்டின் கணக்கில் இருந்தார். கத்தரீனாளின் மூத்திரமோ சளியோ யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை, அதனால் அவளை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. சிவசங்கரி இதைச் சொல்லக் கத்தரீனாளின் மகள் சோனா வீட்டுக்குப் போனாள். சோனா ஃபாக்டரி ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ எங்கம்மா எதுலதான் செத்தாக?" என்று கேட்டாள்.

"அந்தத் தண்ணியாலதான்னு நான் நம்புதேன். பேப்பர்ல அப்படி எழுத முடியல. அந்த வாரமே நான் கேட்டிருந்தா எழுதியிருக்கலாம். நான் கேக்கல."

இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள் சோனா. சிவசங்கரி அங்கேயே உட்கார்ந்து, தான் பார்த்ததையும் கேட்டதையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். சோனா அதை அம்மாவின் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கோகுல்நாத் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தார். லோகேஷுக்கு நவம்பரில் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் வேலை கிடைத்தது. சனிக்கிழமை மலையேறி வருவான், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குவான். தள்ளி இருந்ததில் பேச்சு கொஞ்சம் இலகுவானது. போனில் பேசும்போது முன்னைவிட அதிகமாகவே பேசினான்.

பிப்ரவரியில் சிவசங்கரி அவன் தங்கியிருக்கும் அறையைப் பார்க்கப் போனாள். எலப்புள்ளிக்குப் போய் அந்த டிரைவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். நாலு மாதமாக அந்த ஊர் வழியாகத்தான் போய் வருகிறேன், இறங்கியதில்லை என்றான் அவன். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு கூடக் கிளம்பினான்.

கோகுல்நாத் மெலிந்திருந்தார். டிராவலரை விட்டுவிட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வேன் ஓட்டினார். மேடேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். ஆர்த்தி சிவசங்கரியின் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். லோகேஷ் உட்காரவில்லை.

"அங்க தண்ணியப் பாத்துக்கிட்டது நான்தான்" என்றான். "தொறந்து விடாமலே விட்டதா எழுதி வச்சிருந்தேன்."

ஆர்த்தி அவனைப் பார்த்தாள். கோகுல்நாத் நிமிர்ந்தார்.

"தெரியுமுங்க. நுகர்வோர் கோர்ட்டுல கேஸு குடுத்திருக்கறோம். நீங்க சொன்னதா அந்த ரிப்போர்ட்டுல இருக்கறதை வக்கீலு படிச்சுக் காமிச்சாரு. அதை வெச்சுத்தான் கேஸே நிக்குதுங்களாமா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நேர்ல வந்து அதையே சொல்லுவீங்களா?"

"சொல்லுதேன்" என்றான் லோகேஷ்.

"உங்க மேலயும் குத்தம் வருமுங்க."

"வரட்டும்."

ஆர்த்தி உள்ளே போய் வக்கீலின் எண் எழுதிய சீட்டை எடுத்து வந்தாள். விசாரணை மார்ச் பதினெட்டாம் தேதி, பாலக்காட்டில். லோகேஷ் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்றைக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டாள் சிவசங்கரி. நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றான். நாலு மணி பஸ்ஸுக்கு இருவரும் ரோட்டுப் பக்கம் நடந்தார்கள்.